எந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவர்? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தீர்ப்பு வராத வழக்கு

2024 மே 18 அன்று ரியாத் நகரில் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், பிரிட்டனின் டைசன் ஃப்யூரியைப் புள்ளிக்கணக்கில் வென்றார். நான்கு அமைப்புகள் வழங்கும் உலகப் பட்டங்கள் நான்கையும் ஒருசேர வைத்திருந்த முதல் ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) வீரர் அவர்தான். லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு அந்த எடைப்பிரிவில் ‘இவர் ஒருவரே சாம்பியன்’ என்று எவரும் மறுக்காமல் சொல்ல முடிந்ததும் அன்றுதான். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மறுபோட்டியிலும் ஃப்யூரி தோற்றார். 2025 ஜூலையில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் டேனியல் டுபுவாவை ஐந்தாம் சுற்றில் நாக் அவுட் செய்த உசிக், இடையில் தாம் கைவிட்டிருந்த பட்டத்தையும் மீட்டுக்கொண்டார்.

இந்த வெற்றிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே சர்ச்சை கிளம்பியது. முகமது அலி, ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ ஆகிய பழைய சாம்பியன்களின் வரிசையில் உசிக்குக்கு இடம் உண்டா, உண்டென்றால் எத்தனையாவது இடம்? ஒருவர் தோல்வியே காணாத கணக்கைக் காட்டுகிறார். இன்னொருவர் உடல் எடையைக் காட்டுகிறார். மூன்றாமவர் எதிரிகளின் தரத்தைக் காட்டுகிறார். மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள்

‘பெரியவர்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. இருவரும் தத்தம் உச்ச நிலையில் நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார்?
2. தம் காலத்தில் மற்றவர்களைவிட யார் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு காலம் நின்றார்?
3. யார், யாரை, அந்த எதிரி எந்த நிலையில் இருந்தபோது வென்றார்?

மார்சியானோவையே எடுத்துக்கொள்வோம். 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக் அவுட் என்ற கணக்கோடு 1956இல் அவர் ஓய்வு பெற்றார். இரண்டாம் கேள்விக்கு இதைவிடத் தூய்மையான பதிலை வேறு எந்த ஹெவிவெயிட் சாம்பியனாலும் தர முடியாது. மூன்றாம் கேள்விக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. அவர் வீழ்த்திய பெரிய பெயர்களில் ஜோ லூயிஸுக்கு அப்போது வயது 37, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூருக்கு ஏறக்குறைய 40. முதல் கேள்வியில் சங்கடம் இன்னும் பெரிது. ஆறடிக்கும் குறைந்த உயரமும் சுமார் 84 கிலோ எடையும் கொண்ட அவரை, ஆறடி ஒன்பது அங்குல ஃப்யூரிக்கு எதிரே நிறுத்திக் கற்பனை செய்வதே எளிதல்ல. ஆக, ஒரே மனிதர் கேள்வி மாறும்போதெல்லாம் மேலே ஏறுகிறார், கீழே இறங்குகிறார். மார்சியானோவின் ஆதரவாளர் இரண்டாம் கேள்வியில் நின்றும் எதிர்ப்பாளர் முதல் கேள்வியில் நின்றும் பேசினால், விடிய விடியப் பேசினாலும் வாதம் முடியாது.

‘சாம்பியன்’ என்ற பட்டமே ஒன்றல்ல

நவீனக் குத்துச்சண்டையின் அடித்தளம் 1867இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை, விழுந்தவர் எழப் பத்து விநாடி என்பவை அவற்றால் நிலைபெற்றவை. வெறுங்கை யுகத்தின் கடைசிப் பெரிய சாம்பியனான ஜான் எல். சல்லிவன், 1892இல் நியூ ஆர்லியன்ஸில் கையுறை அணிந்து ஜேம்ஸ் கார்பெட்டிடம் 21ஆம் சுற்றில் தோற்றார். அதிலிருந்து ‘சாம்பியனை வென்றவரே சாம்பியன்’ என்ற மரபுவழிச் சங்கிலி ஓடத் தொடங்கியது. டன்னி, மார்சியானோ போன்றவர்கள் பட்டத்தோடு ஓய்வு பெற்றபோதெல்லாம் அது அறுந்து, பிறகு எப்படியோ ஒட்டவைக்கப்பட்டது.

1960களின் தொடக்கத்தில் உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டைப் பேரவை என்று இரண்டு அமைப்புகள் பட்டம் வழங்கத் தொடங்கின. 1983இல் சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பும் 1988இல் உலகக் குத்துச்சண்டை அமைப்பும் சேர்ந்துகொண்டன. இன்று ஒரே எடைப்பிரிவில் ஒரே சமயத்தில் நான்கு பேர் தங்களை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்வது பொய்யும் ஆகாது.

இதன் நேரடி விளைவு, ‘பட்டத்தை எத்தனை முறை காத்தார்’ என்ற கணக்கை அப்படியே ஒப்பிட முடியாமல் போவது. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை 25 முறை காத்தபோது பட்டம் ஒன்றுதான் இருந்தது; உலகில் தகுதியுள்ள எவரும் அவரிடம்தான் வர வேண்டியிருந்தது. விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 18 முறை பட்டத்தைக் காத்தார். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பேரவையின் பட்டம் அவருடைய அண்ணன் விட்டாலியிடம் இருந்தது. சகோதரர்கள் இருவரும் ஒருபோதும் மோதிக்கொள்ளவில்லை. தன் காலத்தின் அடுத்த சிறந்தவரை வெல்லாமலேயே ஒருவர் காலத்தை ஆண்டார் என்பதை எப்படிக் கணக்கிடுவது? குறை சொல்ல முடியாத காரணம்தான், ஆனாலும் கணக்கில் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

எடை: மேல்வரம்பில்லாத பிரிவின் தொல்லை

மற்றப் பிரிவுகள் அனைத்துக்கும் மேல்வரம்பு உண்டு. லைட்வெயிட் வீரர் 1930இலும் 135 பவுண்டுதான், இன்றும் 135 பவுண்டுதான். ஹெவிவெயிட் அப்படியல்ல, மற்றப் பிரிவுகளில் அடங்காதவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் அது. முன்பு 175 பவுண்டுக்கு, அதாவது 79 கிலோவுக்கு மேற்பட்ட அனைவரும் ஹெவிவெயிட். 1980ஐ ஒட்டி இடையில் க்ரூசர்வெயிட் என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. அதன் வரம்பு முதலில் 190 பவுண்டாக இருந்து, பின்னர் 200 பவுண்டாக, ஏறக்குறைய 91 கிலோவாக, உயர்த்தப்பட்டது.

இந்த அளவுகோலைப் பின்னோக்கிப் பொருத்தினால் ஜாக் டெம்ப்சி, மார்சியானோ, எஸ்ஸார்ட் சார்ல்ஸ், ஃப்ளாய்ட் பேட்டர்சன் ஆகிய நால்வருமே இன்றைய க்ரூசர்வெயிட்டுகள். 1897இல் கார்பெட்டை வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸ் அதற்கும் கீழே, சுமார் 76 கிலோ. ஜோ லூயிஸ் எல்லைக்கோட்டில் நிற்கிறார்.

சிறிய உடல்கள் பெரிய உடல்களை வென்ற எடுத்துக்காட்டுகளைப் பழைய சாம்பியன்களின் ரசிகர்கள் எடுத்துவைப்பார்கள். 1919இல் டலீடோ நகரில் 187 பவுண்டு டெம்ப்சி, 245 பவுண்டு ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். 1935இல் லூயிஸ், ராட்சத உருவம் கொண்ட ப்ரீமோ கார்னேராவை ஆறாம் சுற்றில் முடித்தார். இரண்டும் உண்மை. ஆனால் வில்லர்டுக்கு அப்போது வயது 37. மூன்றாண்டுகளுக்கும் மேலாக அவர் பட்டத்துக்காகக் களமிறங்கவே இல்லை. போதாக்குறைக்கு, விழுந்தவர் எழும்வரை பக்கத்திலேயே நின்று, எழுந்த நொடியில் மீண்டும் அடிக்க அன்றைய நடைமுறை டெம்ப்சிக்கு இடம் கொடுத்தது. கார்னேராவின் திறமை அவருடைய உருவத்தின் அளவுக்கு இருந்ததாக அவர் காலத்தவரே கருதவில்லை. பயிற்சி பெற்ற ராட்சதர்கள் பின்னால்தான் வந்தார்கள். லெனாக்ஸ் லூயிஸ் 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் விளாடிமிர் கிளிட்ச்கோ 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர்கள். ஆறரை அடி உயரத்தோடு நேர்த்தியான ஜாபும் (முன்னிருக்கும் கையால் விரைந்து விடும் நேர்க் குத்து) கால்வேகமும் ஒரே உடலில் சேர்ந்தபோது அது புதிய வகை எதிரியாயிற்று. அப்படிப்பட்டவரைப் பழைய சாம்பியன்கள் எவரும் சந்தித்ததில்லை. எனவே சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சான்றும் இல்லை.

உசிக்கின் வெற்றிகளை இங்கே சாட்சிக்கு அழைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் அவர் 226 பவுண்டு, ஃப்யூரி 281 பவுண்டு. சுமார் 25 கிலோ வித்தியாசத்தைத் திறமையால் கடந்துவிட்டார், ஆகவே மார்சியானோவாலும் முடியும் என்பது வாதம். இதில் ஒரு சிறிய ஏமாற்று இருக்கிறது. உசிக் ‘சிறியவர்’ என்பது ஃப்யூரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான். ஆறடி மூன்றங்குல உயரமும் 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உள்ள அவர், 1964இல் பட்டம் வென்ற அலியைவிடக் கனமானவர். உசிக்குக்கும் மார்சியானோவுக்கும் இடையிலான வித்தியாசமே 18 கிலோவைத் தாண்டும்.

விதி மாறினால் வரலாறும் மாறும்

சாம்பியன்ஷிப் போட்டி எத்தனை சுற்றுகள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த போட்டி 45 சுற்றுகளுக்கு ஏற்பாடானது. 26ஆம் சுற்றில் முடிந்தது. பிறகு நெடுங்காலம் 15 சுற்றுகள் என்பதே வழக்கமாயிற்று. 1982 நவம்பரில் ரே மான்சினியுடனான போட்டியில் காயமுற்ற தென்கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்துபோனதை அடுத்து, உலகக் குத்துச்சண்டைப் பேரவை 12 சுற்றுகளாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. இந்த மூன்று சுற்றுகளின் கனத்தை இரண்டு போட்டிகளில் பார்க்கலாம்.

1. 1941 ஜூன், நியூயார்க். லைட் ஹெவிவெயிட் என்ற கீழ்ப் பிரிவிலிருந்து வந்த பில்லி கான், 12 சுற்றுகள் முடிந்தபோது ஜோ லூயிஸைப் புள்ளிக்கணக்கில் முந்தியிருந்தார். 13ஆம் சுற்றில் நாக் அவுட் செய்யும் ஆசையில் நெருங்கிப்போய், தாமே நாக் அவுட் ஆனார். இன்றைய விதிப்படி அந்தப் போட்டி 12ஆம் சுற்றோடு முடிந்திருக்கும். லூயிஸின் 25 என்ற எண் பாதியிலேயே நின்றிருக்கும்.

2. 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் வால்காட் 12 சுற்றுகளின் முடிவில் மதிப்பெண் அட்டைகள் மூன்றிலும் முன்னிலையில் இருந்தார். 13ஆம் சுற்றின் தொடக்கத்தில் மார்சியானோவின் வலக்கைக் குத்து ஒன்று எல்லாவற்றையும் முடித்துவைத்தது. 12 சுற்று விதி அன்றே இருந்திருந்தால் 49–0 என்ற எண் உலகில் இருந்திருக்காது.

உடனே இதற்கு ஒரு தடை சொல்லலாம், சொல்ல வேண்டியதும்கூட. 15 சுற்றுகள் ஆட வேண்டும் என்று தெரிந்த வீரர் தம் மூச்சையும் வலுவையும் அதற்கேற்பப் பங்கிட்டுக்கொள்கிறார். 12 சுற்றுதான் என்றால் மார்சியானோ பத்தாவது சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். ஆகவே பழைய போட்டியின் கடைசி மூன்று சுற்றுகளைக் கத்தரித்துவிட்டு முடிவை மாற்றி எழுத முடியாது. அதே நியாயப்படி, 12 சுற்றுகளுக்குப் பழகிய இன்றைய 120 கிலோ உடல் 15ஆம் சுற்றில் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. எந்த விதியின்கீழ் மோதுகிறார்கள் என்று முடிவு செய்யாமல் கற்பனைப் போட்டியைப் பற்றிப் பேசவே இயலாது; விதியைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

வெட்டுக்காயங்களின் விஷயமும் இப்படித்தான். 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடனான மறுபோட்டியில் மார்சியானோவின் மூக்கு பிளந்து ரத்தம் கொட்டியது. போட்டி நிறுத்தப்படவில்லை; எட்டாம் சுற்றில் மார்சியானோ வென்றார். 2003இல் லெனாக்ஸ் லூயிஸுடன் மோதிய விட்டாலி கிளிட்ச்கோ ஆறு சுற்றுகளின் முடிவில் புள்ளிகளில் முன்னிலை வகித்தும், கண்ணைச் சுற்றிய காயத்தால் போட்டி நிறுத்தப்பட்டுத் தோல்வி அறிவிக்கப்பட்டது. மருத்துவர்களின் கவனம் கூடியது நல்லதுதான். ஆனால் இரு காலங்களின் ‘வெற்றி’ என்ற சொல் ஒரே பொருளைத் தரவில்லை.

மேடைக்கே வர விடப்படாதவர்கள்

ஒருவர் தம் காலத்தில் மேலோங்கி நின்றார் என்று சொல்வதற்கு, அந்தக் காலத்தின் திறமைசாலிகள் எல்லோரும் போட்டியில் இருந்திருக்க வேண்டும். ஹெவிவெயிட் வரலாற்றில் இது பல பதிற்றாண்டுகளுக்குப் பொய்.

சல்லிவன், கறுப்பின வீரர்களுடன் பட்டத்துக்காக மோத மறுத்தார். அன்றைய மிகச் சிறந்தவர்களில் ஒருவரான பீட்டர் ஜாக்சனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பினச் சாம்பியனானார். சாம்பியனான பிறகு அவரும் சாம் லாங்ஃபோர்டுக்குப் பட்டப் போட்டி தரவில்லை என்பது வேதனையான முரண். 1915இல் ஜான்சன் தோற்ற பிறகு கதவு மீண்டும் அடைபட்டது. டெம்ப்சி சாம்பியனாக இருந்த ஆண்டுகள் முழுவதும் ஹாரி வில்ஸ் வரிசையில் காத்திருந்தார். போட்டி நடக்கவே இல்லை. 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள், வேறு எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. டெம்ப்சியின் ஆதிக்கத்தை மதிப்பிடும்போது இதைக் கழிக்காமல் விட்டால், மதிப்பீடு அந்த அநீதியையே சாதனையாக எழுதிவைக்கிறது.

1970களைப் ‘பொற்காலம்’ என்று கொண்டாடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோவியத் அணியின் நாடுகளும் கியூபாவும் தம் வீரர்களைத் தொழில்முறைக் களத்துக்கு அனுப்பவில்லை. 1972, 1976, 1980 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் ஒருமுறைகூடத் தொழில்முறைப் போட்டியில் ஆடவில்லை. கிளிட்ச்கோக்களும் உசிக்கும் முப்பது ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் அவர்களுடைய பெயர்களும் இந்தப் பட்டியலில் இருந்திருக்காது.

எண்கள் ஏன் கைகொடுப்பதில்லை

ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது, பளுதூக்குதலில் கிலோ இருக்கிறது. குத்துச்சண்டையில் எதிரியைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. எதிரியும் மனிதர், அவரை அளக்க இன்னோர் எதிரி வேண்டும்.

இயற்பியலாளர் அர்பாத் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த தரப்புள்ளி முறையைக் குத்துச்சண்டைக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் சாரம் எளிது: வென்றவர் தோற்றவரிடமிருந்து புள்ளிகளை எடுத்துக்கொள்கிறார், பலமானவரை வென்றால் அதிகம், பலவீனமானவரை வென்றால் குறைவு. ஒரே காலத்தவரை வரிசைப்படுத்த இது உதவும். காலங்களுக்கு இடையே அது தடுமாறுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, புள்ளிகள் கைமாறுவது பெரும்பாலும் முதுமையும் இளமையும் சந்திக்கும்போது. 1951இல் மார்சியானோவிடம் தோற்றவர் 37 வயது லூயிஸ். ஆனால் அவர் கையளித்த புள்ளிகள் 27 வயது லூயிஸ் சம்பாதித்தவை. இரண்டாவது, போட்டிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சதுரங்க வீரர் ஓராண்டில் ஆடும் ஆட்டங்களைக் குத்துச்சண்டை வீரர் ஆயுள் முழுவதும் ஆடுவதில்லை. 2001 ஏப்ரலில் ஹசீம் ரஹ்மானின் ஒரே வலக்கைக் குத்தில் லெனாக்ஸ் லூயிஸ் வீழ்ந்தார். நவம்பரில் நான்காம் சுற்றிலேயே ரஹ்மானை வீழ்த்தினார். ஏப்ரலோடு ஏடு மூடப்பட்டிருந்தால் ரஹ்மான் பெரியவர்.

போட்டிகளின் அடர்த்தியும் மாறிவிட்டது. 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரையிலான ஏழு மாதங்களில் ஜோ லூயிஸ் ஏழு முறை பட்டத்தைக் காத்தார். இன்றைய சாம்பியன் ஆண்டுக்கு இருமுறை மோதினாலே அதிகம்.

கணினியிடம் கேட்டபோது

மனிதரால் தீர்க்க முடியாததைக் கணினி தீர்க்கட்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1969இல் ஓய்விலிருந்த மார்சியானோவும், ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டம் பறிக்கப்பட்டிருந்த அலியும் படப்பிடிப்புக் கூடத்தில் பல சுற்றுகள் பாவனையாக மோதினார்கள். வெவ்வேறு முடிவுகளும் படமாக்கப்பட்டன. அவற்றுள் எது ‘உண்மை’ என்பதைக் கணினி சொல்லும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட வடிவத்தில் மார்சியானோ 13ஆம் சுற்றில் நாக் அவுட் செய்து வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட வடிவத்தில் வென்றவர் அலி. முடிவு வெளியாகும் முன்பே, 1969 ஆகஸ்ட் இறுதியில், மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டிருந்தார்.

கணினி பொய் சொன்னது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீரர்களின் வேகம், பலம், தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டவர்கள் மனிதர்கள். போட்ட மதிப்பெண்தான் முடிவாக வெளியே வந்தது. இன்று எவ்வளவு நுட்பமான நிரலைக் கொடுத்தாலும், 1952இன் மார்சியானோவுக்கும் 2024இன் உசிக்குக்கும் பொதுவான அளவீடு ஒன்று இல்லாத வரையில் நிலைமை அதேதான்.

முக்கோணம்: வரிசையே இல்லாத இடம்

இதுவரை சொன்னவை அனைத்தும் தகவல் போதாமையால் வரும் சிக்கல்கள். இவற்றைவிட ஆழமானது ஒன்று உண்டு. முழுத் தகவலும் கையில் இருந்தாலும், ‘நேருக்கு நேர் யார் வெல்வார்’ என்ற கேள்விக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற பட்டியல் விடையாக அமையாமல் போகலாம். ஒரே காலத்தில் வாழ்ந்து ஒருவரோடொருவர் மோதியவர்களிடமே இதைப் பார்க்கலாம்.

1. 1971 மார்ச்: ஜோ ஃப்ரேஸியர் 15 சுற்றுகளில் அலியை வென்றார்.
2. 1973 ஜனவரி: ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேஸியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை கீழே தள்ளி வென்றார்.
3. 1973 மார்ச்: கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார்.
4. 1974 மார்ச்: ஃபோர்மன் நார்ட்டனை இரண்டாம் சுற்றில் முடித்தார்.
5. 1974 அக்டோபர்: கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை எட்டாம் சுற்றில் நாக் அவுட் செய்தார்.

அலியைத் திணறடித்த இருவரை ஃபோர்மன் துடைத்தெறிந்தார். அந்த ஃபோர்மனை அலி வீழ்த்தினார். காரணம் பாணி. தலையைத் தாழ்த்தி உள்ளே நுழையும் ஃப்ரேஸியரின் முறை, எட்டி நின்று ஆடும் அலிக்குத் தொல்லை. ஃபோர்மனின் கீழிருந்து மேலெழும் குத்துகளுக்கோ அது தானே வந்து தலைகொடுப்பது. அலி கயிற்றில் சாய்ந்து அடிகளைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருக்க, அந்தப் பொறுமையின் முன் ஃபோர்மனின் வலு தீர்ந்துபோனது. அலி பின்னர் ஃப்ரேஸியரையும் நார்ட்டனையும் மறுபோட்டிகளில் வென்றார். ஆனாலும் அவை எளிதாக ஒருபோதும் அமையவில்லை. நால்வருக்குள்ளேயே வட்டமாகச் சுற்றும் ஒன்றை, நூற்றிருபது ஆண்டுகளில் பரவிய நாற்பது பேருக்கு ஏணியாக நிமிர்த்த முயல்வதுதான் முதல் கேள்வியின் அடிப்படைக் கோளாறு.

காலங்களுக்கு இடையே சில பாலங்கள்

நீண்ட காலம் ஆடிய சிலர் இரண்டு தலைமுறைகளைத் தொட்டிருக்கிறார்கள். ஆர்ச்சி மூர் 1955இல் மார்சியானோவுடனும் 1962இல் இளம் அலியுடனும் மோதினார். ஃபோர்மன் 1991இல் 42 வயதில் எவாண்டர் ஹோலிஃபீல்டுடன் 12 சுற்றுகள் நின்றார். 1994 நவம்பரில் 45 வயதில், அட்டைகள் அனைத்திலும் பின்தங்கியிருந்த நிலையில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். லாரி ஹோம்ஸ் 1992இல் 42 வயதில், அதுவரை தோற்காத ரே மெர்சரை வென்றார்.

1970களின் வீரர்கள் 1990களின் வீரர்களைவிட மேல் என்பதற்கு இவற்றைச் சான்றாக வைக்கலாம். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். முதலாவது, குத்தின் வலிமை வயதில் கடைசியாகக் குறையும் குணம். ஃபோர்மன் அதை நம்பி ஆடியவர். இரண்டாவது, அதே ஹோம்ஸ் 1988இல் மைக் டைசனிடம் நான்கே சுற்றுகளில் விழுந்தார். அப்போது ‘ஹோம்ஸுக்கு வயதாகிவிட்டது’ என்று விலக்கு கொடுத்தவர்களே, நான்கு ஆண்டுகள் கழித்து இன்னும் வயதான ஹோம்ஸின் வெற்றியைச் சான்றாக ஏற்கிறார்கள். 1980இல் ஹோம்ஸ் 38 வயது அலியை வதைத்ததை எவரும் அலிக்கு எதிரான சான்றாக எடுப்பதில்லை. அது சரிதான், ஆனால் ஒரே தராசு எல்லோருக்கும் வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் கேள்வியை விட்டுவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடித்துக்கொண்டால் ஓரளவு நேர்மையான ஒப்பீடு சாத்தியம். நான்கு சோதனைகள் போதும் என்பது என் கருத்து.

1. தம் காலத்தின் முதல் ஐந்து இடங்களில் இருந்தவர்களில் எத்தனை பேரை, அவர்கள் வலுவோடு இருந்தபோது, எதிர்கொண்டார்?
2. தம்மைத் தோற்கடித்தவரை மீண்டும் சந்தித்தாரா, சந்தித்தபோது என்ன ஆயிற்று?
3. வெவ்வேறு பாணிகளை வென்றாரா, அல்லது தமக்கு ஏற்ற பாணியை மட்டும் தேர்ந்தெடுத்தாரா?
4. எவ்வளவு காலம் நின்றார், அந்தக் காலத்தில் யார் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்?

முதலாவதிலும் மூன்றாவதிலும் அலிக்கு இணை இல்லை. லிஸ்டன், பேட்டர்சன், ஃப்ரேஸியர், நார்ட்டன், ஃபோர்மன் என்று ஒருவருக்கொருவர் ஒட்டாத பாணிகளை அவர் கடந்தார். அதுவும் இடையில் 25 வயது முதல் 28 வயது வரையிலான மூன்றரை ஆண்டுகளை முழுதாக இழந்தும். நான்காவதில் ஜோ லூயிஸ் முந்துகிறார். பதினொன்றரை ஆண்டுகளுக்கு மேலான ஆட்சி இன்றுவரை எட்டப்படவில்லை. அதில் போர்க்கால ராணுவப் பணியும் அடங்கும். 1936இல் தம்மை 12ஆம் சுற்றில் வீழ்த்திய மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938இல் 124 விநாடிகளில் அவர் முடித்தது இரண்டாம் சோதனைக்குப் பாடநூல் விடை. இந்தச் சோதனையில் அதிகம் பேசப்படாதவர் லெனாக்ஸ் லூயிஸ். தொழில்முறையில் தாம் சந்தித்த ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது வென்றுவிட்டுத்தான் அவர் ஓய்வு பெற்றார். அவரைத் தோற்கடித்த மெக்காலும் ரஹ்மானும் அதற்கு விலக்கல்ல. டெம்ப்சி நான்காம் சோதனையில் சரிகிறார். மைக் டைசனின் உச்சம் கண்ணைப் பறிப்பதுதான். ஆனால் 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்ற பிறகு அவரைத் திரும்ப எதிர்கொள்ளவே இல்லை. அந்த வெளிச்சம் நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

உசிக்குக்குக் கிடைக்கும் விடை கலப்பானது. ஹெவிவெயிட்டில் அவருடைய போட்டிகள் குறைவு. நீண்ட ஆட்சி என்று சொல்ல இயலாது. ஆனால் பிரிட்டனின் ஆந்தனி ஜோஷுவாவை இருமுறை, டுபுவாவை இருமுறை, ஃப்யூரியை இருமுறை, பெரும்பாலும் எதிரியின் ஊரிலோ பொதுவான இடத்திலோ, தம்மைவிடப் பெரிய உடல்களுக்கு எதிரே வென்றிருக்கிறார். முதல் சோதனையில் இது கனமான பதிவு. எவ்வளவு கனம் என்பது அந்த மூவரின் மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்போ பின்னாளில்தான் உறைகிறது. 1974இல் கின்ஷாசாவில் தோற்ற ஃபோர்மன் 1994இல் மூரரை வீழ்த்தியபோது, மேடையிலேயே இல்லாத அலியின் இருபதாண்டுப் பழைய வெற்றி மேலும் பெரிதாயிற்று. ஃப்யூரி, ஜோஷுவா, டுபுவா ஆகியோரின் ஏடுகள் முழுதாக மூடப்படும்வரை உசிக்கின் கணக்கில் ஒரு கட்டம் காலியாகவே இருக்கும்.